கீறக் கூடாதவை

போன கிழமை கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்ததும் எங்கள் பஸ்ஸின் பின் டயர் வெடித்தது. பெரிய ஆபத்தொன்றும் இல்லை. ஒரு சத்தம், கருகிய றப்பர் வாசம், அவ்வளவுதான். கண்டக்டர் கதவைத் தட்டி, "எல்லாரும் இறங்குங்க, பத்து நிமிசத்தில சரி" என்றான். இறங்கியவர்கள் அவரவர் போக்கில் சிதறிப் போனார்கள். ஒருவர் ஓட்டோவை மறித்தார், இரண்டு பேர் நிழல் தேடினார்கள், மிச்சப் பேர் போனை எடுத்துக் கதைக்கத் தொடங்கினார்கள். நான் மட்டும் வீதியோரமாக நேர்கோடு பிடித்துப் பத்துப் பதினைந்து அடி நடந்து போய் நின்றிருக்கிறேன். கையில் அடையாள அட்டை. கைப்பையை எப்போது திறந்தேன், எப்போது எடுத்தேன், சத்தியமாகத் தெரியாது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளையொன்று அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது என்னத்துக்கு அன்ரி?" என்று கேட்டது. "சும்மா" என்று உள்ளே வைத்தேன்.

சும்மாதான். ஆனால் அதற்குப் பிறகு கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. டயர் மாற்றி முடியும்வரை பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சண்டைக் காலத்தில் ஆமியின் சோதனைச் சாவடி இருந்த அதே இடம்தான். முன்பு எங்கள் பஸ் நிற்கும், நாங்கள் இறங்குவோம், வரிசையாக நடப்போம், அட்டையைக் காட்டுவோம், அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏறுவோம். வயது ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறது. மூளை மறந்தாலும் கை மறக்கவில்லை. இது சுனாமியில் கடல் வந்த பிறகு எடுத்த இரண்டாவது அட்டை, கண்ணாடியும் நரையுமாக யாரோ ஒரு பள்ளிக்கூட அதிபர் அம்மா போல நான் இருக்கிற அட்டை. இதை எந்தச் சோதனைச் சாவடியிலும் யாரும் கேட்டதில்லை. கைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வரிசையில் நான் நடந்த காலத்தில் என் கக்கத்தில் எப்போதும் ஒரு காகிதச் சுருள் இருக்கும். பொலித்தீன் சுற்றி, இரண்டு பக்கமும் றப்பர் வளையம் போட்ட சுருள். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், இடையில் டயர் வெடித்துவிட்டது.

ஏலெவல் எழுதி முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்துக்கொண்டிருந்த வருடம் அது. காத்திருப்பது என்றால் சாதாரணக் காத்திருப்பில்லை. பெறுபேறு வரும், ஆனால் கடிதம் வராது. கடிதம் வரும், ஆனால் பல்கலைக்கழகம் திறக்காது. ஒரு தொகுதி உள்ளே போகாமல் அடுத்த தொகுதி பின்னால் வந்து முட்டும். ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படி நான்கு பேர் இருந்தோம். படிப்பு முடிந்தும் முடியாத ஆட்கள். வீட்டில் ஒரு வேலையும் ஓடாது. தேங்காய் துருவ உட்கார்ந்தால் பாதியில் எழும்பிப் படலைக்குப் போய்த் தபால்காரர் வருகிறாரா என்று பார்ப்பேன். "ஒரு இடத்தில குந்தன் புள்ள, குண்டியில என்ன முள்ளா?" என்று அம்மா ஏசுவா.

அப்போதுதான் றோணியோவில் அச்சடித்த ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தது. டவுனில் ஒரு சேர்ச் மண்டபத்தில் மூன்று மாதப் பயிற்சி: சித்திரமும் வடிவமைப்பும், அடிப்படை வகுப்பு. கொழும்பில் உள்ள கலை நிறுவகத்துக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவர்களுக்கு என்று கீழே போட்டிருந்தது. அந்த நிறுவகத்துக்கு ஏலெவல் பெறுபேறு மட்டும் போதாது. நேரில் போய் ஒரு செயன்முறைப் பரீட்சை எழுத வேண்டும், நேர்முகத்தில் படத்தைக் காட்டிக் கதைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பிலிருந்து கொப்பி மட்டைகளிலெல்லாம் கீறிக் கீறியே அடி வாங்கியவள் நான். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த இடம் வேண்டும், அவ்வளவுதான். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எதையும் அந்த அளவுக்கு வேண்டும் என்று நினைத்ததில்லை, மாப்பிள்ளை உட்பட.

வகுப்பை நடத்தியவர் எஸ்தர் மிஸ். மிஸ் என்றதும் வயதான ஒருவரை நினைத்துவிடாதீர்கள். எங்களைவிட ஆறேழு வயதுதான் கூட. அதே நிறுவகத்தில் படித்து முடித்து, தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்கு வந்து, பிறகு திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர். அவுஸ்திரேலியாவில் அண்ணன், அங்கே போக மிஸ்ஸும் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அதனால் மண்டபத்தில் காத்திருக்கிற ஆட்கள் மொத்தம் பதினைந்து பேர், பதினான்கு மாணவர்களும் ஒரு மிஸ்ஸும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதைத்துக்கொண்டே நடப்பார், நடந்துகொண்டே சோக்கட்டியைக் கடிப்பார், அரைமணிக்கொருதரம் யன்னலருகே போய் வீதியைப் பார்த்துவிட்டு வருவார்.

எனக்குப் பக்கத்து வாங்கில் செல்வி. களுதாவளைப் பிள்ளை. வெற்றிலைத் தோட்டக்காரர் வீடு. நான் ஏறுகிற பஸ்ஸில் எனக்கு முன்பே ஏறி, யன்னலோரச் சீற்றில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பாள். நான் படபடவென்று நாலு தாளை நாசமாக்கும் நேரத்தில் அவள் ஒரு தாளில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அந்த ஆறுதல் எனக்கு எரிச்சலாக இருக்கும். அவள் கீறுவது என்னுடையதைவிட நன்றாக இருப்பதாக நான் அப்போது நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான்தான் வகுப்பில் முதலாவது என்று எனக்குள் ஒரு எண்ணம்.

தாள் கிடைப்பதே பெரும்பாடு. பென்சிலைக் கண்ணும் கருத்துமாகப் பாவிக்க வேண்டும். அதனால் கரியை நாங்களே செய்தோம். வாவிக்கரைக் கண்ணாப் பற்றையில் விரல் பருமன் குச்சிகளை முறித்து, தோலுரித்து, பால்மாத் தகரத்துக்குள் நெருக்கி அடுக்கி, மூடியைச் சுற்றி ஈரக்களிமண் பூசி அடுப்பில் வைக்க வேண்டும். மூடியில் ஆணியால் அடித்த துளையிலிருந்து புகை வரும். புகை நின்றதும் எடுக்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு ஏது? புகை நிற்க முன்பே திறந்துவிடுவேன். பாதி கரியும் பாதி விறகுமாக ஒரு பொருள் வரும், தாளைக் கிழிக்கத்தான் உதவும். செல்வி தன்னுடையதில் பாதியைத் தருவாள். கச்சான் காற்று வீசுகிற மாதங்கள் வேறு. மண்டபத்துக்குள் மேற்கிலிருந்து அடிக்கிற சூட்டுக் காற்றில் தாள் பறக்கும், கரித்தூள் பறக்கும், நாங்கள் நாலு மூலைக்கும் கல் வைத்துக் கீறுவோம்.

இரண்டாம் கிழமை மிஸ் தூரக்காட்சி படிப்பித்தார். நேராகப் போகும் இரண்டு கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேருவது போலத் தெரிவது. அதற்கு நேரான, நீளமான ஒரு பொருள் வேண்டும். எங்கள் ஊர் தட்டை, வீதியெல்லாம் வளைவு. எல்லாருக்கும் தெரிந்த நேரான பொருள் ஒன்றுதான் இருந்தது, கல்லடி இரும்புப் பாலம். (அதன் அடியில் பாடுமாம் என்கிற மீனைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. பயப்பட வேண்டாம்.) "நாளைக்குப் பாலத்தக் கீறிக்கிட்டு வாங்க" என்று மிஸ் சொல்லிவிட்டார். சொன்னவர் யோசிக்கவில்லை, கேட்டவர்களும் யோசிக்கவில்லை. நொச்சிமுனையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் சொன்னதைச் சொன்னபடி செய்தார். பாலத்தடியில் உட்கார்ந்து எத்தனை வளைவு, எத்தனை தூண் என்று எண்ணி எண்ணிக் கீறியிருக்கிறார். பின்னேரம் மூன்று மணிவரை அவரைச் சாவடியில் வைத்திருந்தார்கள். மிஸ்ஸும் பக்கத்தில் போய் நின்று, கத்தரிக்காய்ப் படம், பானைப் படம் எல்லாம் கொண்டு போய்க் காட்டி, இது வெறும் பாடம்தான் என்று சொல்லிச் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பிறகு வகுப்புக்கு வரவில்லை. பாலமும் வகுப்புக்கு வரவில்லை.

அடுத்த நாள் கரும்பலகையின் வலப்பக்க ஓரத்தில் மிஸ் ஒரு கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு பட்டியல் எழுதினார். தலைப்பு: கீறக் கூடாதவை. பாலம். இரும்புக் கோபுரம். முகாம். சாவடி. சீருடை. துவக்கு. மண்மூட்டை. பிறகு எங்களைக் கேட்டார், நாங்களும் உற்சாகமாகச் சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டது. வள்ளம் கீறலாம், ஆனால் எத்தனை என்று எண்ணத் தெரியக் கூடாது. வாவி கீறலாம், ஆனால் அக்கரை கூடாது. அக்கரை படுவான்கரை; அங்கே யார் நிற்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அந்தப் பக்கத்தை ஏன் இவ்வளவு கவனமாகப் பார்த்தாய் என்ற கேள்வி வந்தால் பதில் இல்லை. அதனால் எங்கள் படங்களில் மட்டக்களப்பு வாவிக்கு ஒரு கரைதான். பார்க்கிறவர் கடல் என்று நினைப்பார். மூன்று மாதமும் அந்தப் பட்டியலை யாரும் அழிக்கவில்லை. மிச்சக் கரும்பலகையைத் துடைக்கும்போது டஸ்டர் அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றுவிடும்.

பட்டியலில் நான்தான் புலி என்று சொல்ல வந்தேன், அந்தச் சொல்லும் அப்போது கூடாது. கெட்டிக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கீறிவிட்டு அழிப்பார்கள். எனக்குக் கண்ணிலேயே அழிந்துவிடும். வீதியைப் பார்த்தால் மரம், மதில், சைக்கிள், மாடு, இவ்வளவும் தெரியும். நடுவில் நிற்கிற சாவடி தெரியாது. "பாருங்க, இவட படத்த ஆரும் பாக்கலாம்" என்று மிஸ் என் படத்தைத் தூக்கிக் காட்டுவார். நான் பூரித்துப் போவேன்.

வீட்டில் முதல் சோதனைச் சாவடி அம்மா. ஆமி பார்க்க முன்பு அவ பார்ப்பா. காலையில் சுருளைப் பிரித்து ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடிப்பா. "இதென்ன கம்பம்?" "தென்ன மரம் அம்மா." "ஓல எங்க?" "இனித்தான் கீறணும்." "ஓலயக் கீறிப்போட்டுக் கொண்டு போ. இல்லாட்டி வெச்சிப்போட்டுப் போ." ஓலை கீறிய பிறகுதான் சோறு.

சென்றி என்று நாங்கள் சொல்லும் சாவடியில் என் சுருளைப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் பிரிப்பான். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். "மேக்க மொகத்த?" என்பான், இதென்ன என்று சிங்களத்தில். கத்தரிக்காய் என்பேன். அடுத்த நாளும் கத்தரிக்காய். அதற்கடுத்த நாள் பானை, பிறகு திரும்பக் கத்தரிக்காய். ஒரு நாள் சிரித்துக்கொண்டே, தெரிந்த தமிழில், "எல்லா நாளும் கத்தரிக்காய். என்னைக் கீறு" என்று தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு நின்றான். பின்னால் வரிசை நிற்கிறது. செல்வி என் முதுகில் விரலால் இடிக்கிறாள். நான், "எனக்கு ஆக்களக் கீறத் தெரியா" என்றேன். "அப்ப என்ன படிக்கிற?" என்றான். சுருளை வாங்கிக்கொண்டு ஓடிப் போய் பஸ்ஸில் ஏறினேன். பயத்தில்தான் ஓடினேன் என்று செல்வியிடம் சொன்னேன். பயம் பாதி. அவன் நின்ற நிலை நல்ல படமாக வந்திருக்கும் என்ற ஆத்திரம் மீதி.

பரீட்சைக்கான கடிதம் மூன்று தரம் வந்தது, மூன்று திகதியோடு. இரண்டு தரம் பெட்டி கட்டிப் பிரித்தோம். மூன்றாம் தரம் உண்மையாகவே பஸ் ஏறி, நாள் முழுக்க ஏறி இறங்கி ஏறி இறங்கி, பொழுதுபட வெள்ளவத்தையில் செல்வியின் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கொழும்பில் என்னைத் திகைக்க வைத்தது கடலோ கட்டடமோ இல்லை. நிறுவகத்துக்குப் பக்கத்துக் கடையில் தாள் குவித்து வைத்திருந்ததுதான். பெரிய வெள்ளைத் தாள், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

காலைப் பரீட்சைக்குக் கீறத் தந்தது ஒரு போத்தல், ஒரு துணி, இரண்டு வாழைப்பழம். அது நன்றாகவே போனது; கத்தரிக்காயிலிருந்து வாழைப்பழம் பெரிய தூரமில்லை. மதியத்துக்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி: உங்கள் ஊரில் காலை நேரத்து வீதியொன்றை ஞாபகத்திலிருந்து வரைக. வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் பார்க்கிற வீதி. பஸ் கதவு திறந்திருக்கிறது. ஆட்கள் இறங்கி வரிசையாக நடக்கிறார்கள், பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. கையில் சின்னச் சின்ன அட்டை. குடை மடக்கியிருக்கிறது. ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்திருக்கிறார். சைக்கிள்காரர் இறங்கி உருட்டுகிறார், கொஞ்சம் தள்ளி இன்னொருவர் திரும்ப ஏறி மிதிக்கிறார். அன்றைக்குக் கோடு என் கையில் இல்லை, தானாக ஓடியது. மூன்று மாதமாக ஆட்களைக் கீறத் தெரியாது என்று சொன்னவளின் படத்தில் இருபது இருபத்தைந்து ஆட்கள் நடந்தார்கள். என் வாழ்க்கையில் நான் கீறிய நல்ல படம் அதுதான். இப்போதும் சொல்வேன்.

நேர்முகத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தாடி வைத்த ஒருவர் சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் இருந்த அம்மா தமிழில் சொன்னார்.

"நல்லாருக்கு. ஆனா இவங்க எல்லாரும் ஏன் பஸ்ஸில இருந்து இறங்கி நடக்கிறாங்க?"

நான் படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? வீதியின் நடுவில், எல்லாரும் நோக்கி நடக்கிற இடத்தில், வெறும் வெள்ளைத் தாள். மண்மூட்டை இல்லை, தகரப்பீப்பா இல்லை, துவக்கோடு ஆள் இல்லை. நிழல் கூட இல்லை. இருபத்தைந்து பேர் ஒன்றுமில்லாத இடத்துக்கு அட்டையைக் காட்டிக்கொண்டு போகிறார்கள்.

"பஸ் பழுது, சேர்" என்றேன்.

"அப்ப ஒருத்தரும் பஸ்ஸத் திரும்பிப் பாக்கல்லையே?"

தாடிக்காரர் விரலைத் தாளில் நகர்த்தினார்.

"சைக்கிள்காரரும் இறங்கி உருட்டுறார். சைக்கிளும் பழுதா?"

"கச்சான் காத்து சேர். எதிர்க்காத்தில மிதிக்க ஏலா."

மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அங்கே யாரும் சீருடையில் இல்லை. ஆனால் வாசலில் ஒருவன் நின்றான், உள்ளே வரும்போது என் பையைச் சோதித்தான், வாய் எப்படித் திறக்கும்? தாடிக்காரர் படத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, அது அவருக்கு உண்மையாகவே விளங்காத முகத்தோடு, ஏதோ எழுதினார்.

வெளியே மாமரத்தடியில் செல்வி ஆறுதலாக விரல்களைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "நீ என்னத்தக் கீறின?" என்று கேட்டேன்.

"சென்றியத்தான். காலம நம்மட வீதியில வேற என்ன இரிக்கி?"

"உனக்கு விசராகா? ஆமிக்காரனையுமா?"

"ஓம். துவக்கோடதான். கேட்டாங்க, சொன்னன்."

"புடிச்சிருந்தா? உன்ட அம்மாவ யோசிச்சியா? மிஸ் எழுதி வெச்சது என்னத்துக்கு?"

"மிஸ் அங்கதானே எழுதி வெச்சவ" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பொலன்னறுவை வரை அவளை ஏசிக்கொண்டே வந்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பதில் ஒரு சந்தோசமும் இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோசம். எழுதத்தான் வேண்டும்.

அவளுக்குத் தடித்த கவர் வந்தது, எனக்கு மெல்லிய கவர். செல்வி அதைச் சொல்வதற்காகக் களுதாவளையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். நான் தலையிடி என்று உள்ளே படுத்துக்கொண்டேன். அம்மாதான் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினா. மிஸ்ஸும் ஒருநாள் வந்தார். முற்றத்தில் நின்றபடியே, "பரீட்சைக்கு உள்ளுக்க போனதும் அதெல்லாம் கீறலாமெண்டு நான் சொல்லித் தந்திருக்கணும் புள்ள. என்ட பிழை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "இல்ல மிஸ்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான், "ஓம் மிஸ்" என்றேன். சில மாதங்களில் அவருக்கு விசா வந்துவிட்டது.

நான் பிறகு கலைப்பீடத்தில் புவியியல் படித்து, புவியியல் ரீச்சராகி, உன்னிச்சையில் நாலு வருடம், பிறகு ஊரோடு. இலங்கைப் படத்தைச் சோக்கட்டியைத் தூக்காமல் ஒரே கோட்டில் கீறுவேன், அதற்கு என் வகுப்பில் கைதட்டு விழும். அதற்கு மேலே நான் ஒன்றும் கீறவில்லை. கோபமென்று இல்லை. உட்கார்ந்தால் கால் ஆடத் தொடங்கிவிடும்.

டயர் வெடித்த அன்று வீட்டுக்கு வந்து, சேலை மாற்றாமல், ஒரு மாணவனின் கொப்பியில் பின்பக்கம் கிழித்து அந்தச் சாவடியைக் கீறப் பார்த்தேன். இப்போது கீறலாமே, யார் கேட்கப் போகிறார்கள்? பஸ் வந்தது. ஆட்கள் வந்தார்கள். நடுவில் கை நின்றுவிட்டது. பீப்பாக்கள் எந்தப் பக்கம்? கூரை தகரமா கிடுகா? அவன் உட்கார்ந்தானா, நின்றானா? தினமும் இரண்டு தரம் கடந்த இடம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போய்ப் பார்க்கலாம் என்றால் அங்கே பழரசக் கடையும் நடைபாதைக் கல்லும்தான் இருக்கிறது. மண்டபம் இருந்த இடத்தில் வேறு கட்டடம். கண்ணாப் பற்றையை நிரப்பி விடுதி கட்டியிருக்கிறார்கள். என் பிள்ளைகளிடம் கேட்டால், "சென்றி எண்டா என்ன அம்மா?" என்கிறார்கள். நல்லதுதான். தெரியாமலே இருக்கட்டும். இருந்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

செல்விக்கு எடுத்தேன். அவள் நோர்வேயில் இருக்கிறாள். தயிர்க் கோப்பைக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் உறை வடிவமைக்கிற வேலை. பத்துப் பன்னிரண்டு வருடமாகத் திரும்பக் கதைக்கிறோம், பிள்ளைகள், முழங்கால் வலி, கறிக்கு என்ன என்று. அந்தப் பரீட்சையைப் பற்றி மட்டும் ஒரு சொல் கதைத்ததில்லை. அன்றைக்கு முகவுரை இல்லாமல் கேட்டேன்.

"செல்வி, உன்ட படத்தில பீப்பா எந்தப் பக்கம் நிண்டது?"

எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை. "வலப்பக்கம். மூணு. ஒண்டு சரிஞ்சது" என்றாள். கூரை தகரம் என்றாள். அவன் ஒரு காலை மண்மூட்டையில் வைத்து நின்றான் என்றாள். பிறகு, "அதுக்கு எனக்குப் புள்ளி போடல்லகா" என்றாள்.

"மறுகா எதுக்குப் போட்டாங்க?"

"முன்னுக்கு நிண்டது நீதானே. வரிசையில முதலாள். சுருளக் கக்கத்தில வெச்சிக்கிட்டு, ஒரு காலால மத்தக் கால் செருப்பத் தட்டிக்கிட்டு, எப்படா விடுவாங்க எண்டு நிண்டாய். அந்தத் தாடிக்காரர் சென்றியப் பாக்கவே இல்ல. உன்னத்தான் காட்டி, இந்தப் புள்ள இப்ப தாளைக் கிழிச்சிக்கிட்டு வெளியில வந்திரும் எண்டார். மூணு பேரும் அதத்தான் பாத்தாங்க."

அந்த மெல்லிய கவருக்காக முப்பது வருடமாக அவள் மேல் வைத்திருந்த ஒன்று, என்ன சொல்வது, பொறாமைதான், அது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நெஞ்சுக்குள் அலைந்தது. அழுதேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

"அந்தப் படம் எங்க?" என்றேன்.

"ரெண்டு வருசம் அங்க சுவரில தொங்கிச்சி. மறுகா கட்டடத்த இடிச்சாங்க. ஆரு எடுத்தாங்களோ, எறிஞ்சாங்களோ."

எங்கள் வீட்டுப் போட்டோ அல்பங்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த வயதில் நான் எப்படி இருந்தேன் என்று காட்ட ஒரு துண்டுப் படம் என்னிடம் இல்லை. அதை அவளும் அறிவாள்.

"திரும்பக் கீறித் தரட்டா?" என்றாள்.

"என்ட முகம் ஞாபகம் இரிக்கா?"

அவள் அவசரப்படவில்லை. எப்போதும் போலத் தலையைச் சரித்து யோசித்திருப்பாள்.

"நிண்ட நிலை இரிக்கி. செருப்பு இரிக்கி. முகம் இல்லகா" என்றாள்.

எனக்கும் இல்லை என்றேன்.